1904-ஆம் வருடத்துப் புதுக்கோட்டையில் ஒரு நீராவி நாவல்

புதுக்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் பெருங்களூரில் 1922-ல் பிறந்த அகிலன், ஞானபீடப் பரிசெல்லாம் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பு ஆர்.எம்.எஸ். ஊழியராக இருந்தார். ரயில்வே மெயில் சர்வீஸில் சார்ட்டர் வேலை. நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் தபால் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் நின்றபடியே கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்து, மூட்டை கட்டி, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இறக்கத் தயாராக வைக்க வேண்டும். அந்த வேலை பார்த்த மனிதர்தான் பின்னாளில் ராஜேந்திர சோழனை நாயகனாக்கி ‘வேங்கையின் மைந்தன்’ எழுதினார். 1963-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருதும் வந்தது. பாண்டியர் மணிமுடியைத் தேடி ஈழத்துக்குப் போகும் சோழப் படையும், கரிப்புகை படிந்த தபால் பெட்டியும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அதே மாவட்டத்தில் அரிமளம் என்றோர் ஊர். 1925-ல் அங்கே பிறந்த வி.கிருஷ்ணமூர்த்தியைத் தமிழ்ப் பிள்ளைகள் வேறு பெயரில் அறிவார்கள்: வாண்டுமாமா. மந்திரக் கோட்டை, புதையல், மர்ம மாளிகை, துப்பறியும் சிறுவர்கள் என்று அவர் எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்தவர்கள் இன்றைக்குத் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். கோகுலம், பூந்தளிர் என்ற பத்திரிகைப் பெயர்களைக் கேட்டாலே அவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். ‘கௌசிகன்’ என்ற பெயரில் பெரியவர்களுக்கும் எழுதினார். 2014-ல் மறைந்தார்.

சரித்திரத்துக்கு ஒருவர், மாயத்துக்கும் மர்மத்துக்கும் ஒருவர். இரண்டு பேரும் ஒரே மண்ணில் மூன்று வருட இடைவெளியில் பிறந்தவர்கள். இவர்கள் இரண்டு பேரின் சரக்கையும் ஒரே புத்தகத்துக்குள் போட்டு, நீராவி யந்திரத்தையும் சேர்த்து, நடுவில் ஒரு பெண்ணை நாயகியாக நிறுத்தினால் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு தனி வகைப் பெயரே இருக்கிறது. ஸ்டீம்பங்க் நாவல். தமிழில் அந்த அலமாரி ஏறக்குறையக் காலி. கல்லூரிப் பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் வாங்கிப் படிக்கிறார்கள். நம்மிடம் அதற்கான கதைக்களம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

முதலில் அந்த வகையைப் பற்றிக் கொஞ்சம். 1987-ல் கே.டபிள்யூ.ஜெட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘லோகஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது. தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் விக்டோரியா மகாராணி காலத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்த விசித்திரக் கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது அவருக்கு. இவர்களில் பவர்ஸ் 1983-ல் வெளியிட்ட ‘தி அனூபிஸ் கேட்ஸ்’ நாவலில் யந்திரத்தைவிட எகிப்திய மந்திரவாதிகள்தான் அதிகம். ஆக, நீராவியோடு மந்திரம் கலப்பது இந்த வகையில் ஆரம்பம் முதலே உள்ள பழக்கம். பெண்களை முன்னால் நிறுத்திய புத்தகங்கள் பிறகு வரிசையாக வந்தன. பிலிப் புல்மனின் லைரா 1995-ல் வந்தாள். உண்மையைச் சொல்லும் ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வடதுருவப் பகுதி வரை போனாள். கெயில் கேரிகரின் அலெக்சியா 2009-ல் வந்தாள். அவளுக்கு ஆயுதம் அவளுடைய குடைதான்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் ஒரு மூத்த அக்கா இருக்கிறாள். அவள் பிறந்தது சென்னையில் அச்சான ஒரு பத்திரிகையில்.

கமலா சத்தியநாதன் 1901-ல் சென்னையிலிருந்து ‘இண்டியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். 1905-ல் அதில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு கதை வெளியானது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். கதையின் பெயர் ‘சுல்தானாவின் கனவு’. சாய்வு நாற்காலியில் கண்ணயரும் ஒரு பெண் வேறொரு நாட்டில் விழிக்கிறாள். அங்கே தெருவில் நடப்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்கள் அந்தப்புரத்தில் கோஷா முறையில் வீட்டு வேலை பார்க்கிறார்கள். அடுப்படியில் புகை கிடையாது, சூரிய வெப்பத்தில் சமையல். பெண்களுக்கென்றே இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்றில் மேகத்திலிருந்தே தண்ணீரை இழுக்கும் பலூன் செய்திருக்கிறார்கள். இன்னொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கருவி. ஆண்கள் கோஷாவுக்குள் போகும் முன்பு, எதிரி படையெடுத்து வந்து அவர்கள் தோற்று நின்றபோது, இரண்டாவது பல்கலைக்கழகத்தின் முதல்வர் இரண்டாயிரம் மாணவிகளை அழைத்துக்கொண்டு போய், சேர்த்து வைத்த வெயிலை எதிரிகள் மேல் திருப்பி விரட்டியிருக்கிறார். பயணம் போக ஆகாய வண்டி, ஹைட்ரஜன் உருண்டைகளோடு.

இத்தனையும் 1905-ல். ஸ்டீம்பங்க் என்ற சொல் பிறக்க இன்னும் 82 வருடம் பாக்கி. எழுதிய ரொக்கேயா பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்; அண்ணன் இரவில் யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம். சென்னையில் அச்சான இந்தக் கதையை உலகம் முழுக்க அறிவியல் புனைகதை வகுப்புகளில் பாடமாக வைக்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகரிடம் கேட்டால் பெயர்கூடத் தெரிவதில்லை. இது வருத்தப்பட வேண்டிய விஷயம்தான்.

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம்.

நீராவி இந்த ஊருக்கு மெதுவாகத்தான் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிவிட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது 1929-ல். நடுவில் 73 வருடங்கள். சுற்றிலும் பிரிட்டிஷ் சீமை, நடுவில் தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். தனி திவான், தனி நீதிமன்றம், ஏன், தனிக் காசுகூட உண்டு. அம்மன் காசு என்று பெயர். சுண்டுவிரல் நகத்தளவுச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசைத் தானமாகக் கொடுப்பது சமஸ்தான வழக்கம். ஆரம்பத்தில் கையால் அடித்தார்கள், பிறகு யந்திரத்தில் அடித்தார்கள். அம்மனின் உருவம் யந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரே அச்சாக விழுந்த அந்த மாற்றம் நடந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். துப்பறியும் கதையில் பிணத்தின் கைக்குள் இருக்க வேண்டிய தடயத்தை சமஸ்தானமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

ஊரின் அமைப்பும் கதைக்குத் தோதானது. 1878-ல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி, பஞ்சத்தில் நொந்து கிடந்த சமஸ்தானத்தில் குளங்களைத் தூர்வாரினார். நகரத்தைச் சீரமைத்தார். இன்றைக்கும் பழைய ஊருக்குள் ராஜ வீதிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுகின்றன. துரத்தல் காட்சி எழுதுகிறவருக்கு வரைபடம் தயார்.

மந்திரம் விஷயத்துக்கு வந்தால் இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் என்ற குடைவரை. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி அளவில், கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. பொதுவாகக் கல்வெட்டு என்றால் இவ்வளவு நிலம், இத்தனை ஆடு, விளக்கெரிக்க இவ்வளவு நெய் என்று இருக்கும். இதில் அப்படி எதுவும் கிடையாது. பாறை முழுக்க ஸ்வரங்கள்.

ஏழு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு. நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கட்டி வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ச என்று மட்டும் இல்லை. சி, சு, சே என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. அந்த உயிரெழுத்து மாற்றம் எதைக் குறிக்கிறது, விரலையா சுருதியையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவரின் சீடனான, சிவபக்தியுள்ள ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது; அரசன் பெயரைச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அடியில் தமிழில் ஒரு குறிப்பு: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்ற பொருளில். எட்டு எது, ஏழு எது? எட்டு நரம்பு யாழும் ஏழு நரம்பு யாழும் என்கிறார்கள் சிலர்.

பெயர் சொல்லாத ராஜா, இசையில் எழுதிய நூல், யாரும் முழுக்க அவிழ்க்காத எழுத்து முறை, கடைசியில் ஒரு விடுகதை. இதைவிட நல்ல மந்திரப் பாறையை எந்தக் கற்பனைக் கதாசிரியரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்க முடியாது. திருமயத்திலும் இதே போன்ற இசைக் கல்வெட்டின் சிதைந்த துண்டுகள் இருக்கின்றன. அங்கே யாரோ பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு கல்வெட்டு வெட்டிவிட்டார்கள்.

இந்தப் பாறையின் படியைக் கல்வெட்டுத் துறையினர் எடுத்துப் பதிவு செய்த வருடம் 1904. அந்த வருடத்தை நினைவில் வையுங்கள்.

மைப்படி எடுப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலேயே ஒரு மாயம் இருக்கிறது. முதலில் பாறையைத் தண்ணீர் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார்கள். பாசியும் மண்ணும் போன பிறகு, நனைத்த கெட்டிக் காகிதத்தைப் பாறையில் ஒட்டி, மடிப்பு விழாமல் நீவுவார்கள். பிறகு பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே போவார்கள். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும் வரை தட்ட வேண்டும். கொஞ்சம் பலமாகத் தட்டினால் கிழியும். கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் எழுத்து எழாது. ஈரம் பாதி காய்ந்த பதத்தில், துணிப் பொதியில் மையைத் தொட்டு ஒற்றி எடுப்பார்கள். மேடு எல்லாம் கறுப்பாகும், பள்ளம் எல்லாம் வெள்ளையாக நிற்கும். வெயிலில் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த வரி, கறுப்புக் காகிதத்தில் பளிச்சென்று எழுந்து வரும். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்வரம், எடுத்தவர் கையிலேயே சுருட்டி எடுத்துப் போகிற மாதிரி. நாவலின் முதல் அத்தியாயம் இந்தப் பாறையடியில்தான் தொடங்க வேண்டும். அந்தச் சுருளில் ஒரு வரி மட்டும் பாறையில் இல்லாததாக இருந்தால் போதும், மர்மம் கிளம்பிவிடும்.

மந்திரத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. திருவரங்குளம் காட்டில் திரிந்த சதாசிவ பிரம்மேந்திரரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தொண்டைமான் மன்னர் சந்தித்தார் என்பது சமஸ்தானத்தின் பரம்பரைச் செய்தி. பிரம்மேந்திரர் மௌன விரதம் பூண்டவர். வாயைத் திறக்காமல், தட்சிணாமூர்த்தி மந்திரத்தை விரலால் மணலில் எழுதிக் காட்டினாராம். மன்னர் அந்த மணலை அப்படியே அங்கவஸ்திரத்தில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார். அந்த வழிபாடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அள்ளிய கணத்திலேயே எழுத்து கலைந்திருக்கும். ஆனாலும் மந்திரம் மணலுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை. ஐரோப்பிய மாயக் கதைகளில் மந்திரக்கோல் இருக்கும், பழைய புத்தகம் இருக்கும். எழுத்தழிந்த மணலை மந்திரப் பொருளாக வைத்த கதை அபூர்வம்.

மர்மத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. 1886-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் பதிவுத் திருமணம். பிரிட்டிஷ் அரசு அவரை ராணியாக ஏற்க மறுத்துவிட்டது. புதுக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. திருச்சிக்குப் பிறகு சாலை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். சில மாதங்கள்தான் இங்கே இருந்தார்கள். கர்ப்பமாக இருந்த மோலிக்கு உடம்பு மோசமானது. அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916-ல் இரண்டு பேரும் ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள். அந்த வருடமே ஆஸ்திரேலியாவில் மகன் பிறந்தான். யார் விஷம் வைத்தது, வைத்தார்களா இல்லையா என்பது இன்று வரை தீரவில்லை. மன்னர் 1928-ல் பாரிஸில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்காமல் லண்டனில் தகனம் நடந்தது. மோலி 1967 வரை வாழ்ந்தார், பிரான்சில் இறந்தார்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் காதல் கதையாகவே எழுதுகிறார்கள். அதில் ஓர் அந்நியப் பெண் தன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்து, யாரையும் நம்ப முடியாமல், மொழி தெரியாத அரண்மனையில் ஒவ்வொரு வேளை சாப்பாட்டையும் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருப்பாளே, அந்தப் பயத்தை யாரும் தொடுவதில்லை. மர்ம நாவலாசிரியருக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் நாயகி மோலி அல்ல. நாயகியாக நிற்க இந்த ஊரில் வேறொருவர் இருக்கிறார்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். ஸ்வரம் யார் வீட்டுச் சொத்தாக இருந்ததோ அந்த வீட்டுப் பெண்களைத்தான் ஊர் கீழே வைத்துப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்குப் படிக்க ஆசை. மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் படிக்க ஊரில் இருந்தது ஒரே கல்லூரி. அதில் எல்லாரும் பையன்கள். பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. கடைசியில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே அனுமதி கொடுத்துத்தான் சேர்ந்தார். ஆம், மோலியை மணந்த அதே மன்னர்தான்.

மூடிய வண்டியில் கல்லூரிக்கு வருவார். வகுப்பில் அவர் உட்காரும் இடத்தைச் சுற்றித் திரை. பையன்கள் அவரைப் பார்க்க முடியாது. அவர் பாடத்தை மட்டும் கேட்கலாம். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து படித்துத் தேறிய பெண் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண். தேவதாசி முறையை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். 1930-ல் அவ்வை இல்லம், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

சாதாரண வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு இந்த வருடங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நாவலாசிரியர் அந்தத் திரையிடம்தான் நிற்க வேண்டும். திரைக்குப் பின்னால் இருப்பவளை யாரும் பார்க்க முடியாது, அவளோ எல்லாவற்றையும் கேட்கிறாள். வாத்தியார் தயங்கும் இடம், பையன்கள் கிசுகிசுப்பது, பின் பெஞ்சில் யாரோ எதையோ கைமாற்றும் சத்தம். துப்பறிகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது? பேக்கர் தெருவில் உட்கார்ந்திருக்கும் ஷெர்லக் ஹோம்ஸுக்கு இந்த வசதி கிடையாது. உண்மையான முத்துலட்சுமியையே கதாபாத்திரமாக்க வேண்டாம். அவர் வாழ்க்கை அவருடையது. அவரோடு கூட அதே திரைக்குப் பின்னால் உட்கார்ந்த இன்னொரு பெண் இருந்ததாக ஒரு கதாசிரியர் கற்பனை செய்யலாம். சரித்திரத்தில் அந்த இடத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. கதையில் இரண்டு போடலாம்.

பெண் எழுதும் துப்பறியும் நாவலும் தமிழுக்குப் புதிதல்ல. வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதக்கூடத் தெரியாத காலத்தில் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தார். 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைக் கையில் எடுத்து, அதில் ‘வைதேகி’யைத் தொடராக வெளியிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆரணி குப்புசாமி முதலியாரும் கோலோச்சிய துறையில் நுழைந்து 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோது அங்கேயும் எழுதினார். பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொன்ன அதே காலத்தில், ஒரு பெண் நாவல் எழுதி, அச்சுக்கூடம் நடத்தி, சந்தா சேர்த்தாள்.

அகிலனும் சரித்திர நாவலில் பெண் பெயரைத் தலைப்பில் வைக்கத் தயங்கவில்லை. அவரது ‘கயல்விழி’தான் பின்னாளில் எம்.ஜி.ஆரின் ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ ஆனது, 1978-ல். தலைப்பு படமாகும்போது கயல்விழியிடமிருந்து சுந்தரபாண்டியனிடம் போய்விட்டதைக் கவனிக்க வேண்டும். வாண்டுமாமாவின் தலைப்புகளில் பலே பாலு, வீர விஜயன் என்று பையன்கள் பெயர்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. இனி எழுதுகிறவர்கள் சரி செய்ய வேண்டிய இடம் இது.

இதே மாவட்டத்துக் கொடும்பாளூரையும் சொல்லாமல் விடக் கூடாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்த எல்லாருக்கும் அது வானதியின் ஊர். நேரில் போனால் மூவர் கோயில் இருக்கிறது; மூன்று கோயில்களில் இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். கட்டியவர் பூதி விக்கிரமகேசரி. தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு ராணிகளின் பெயரில் இரண்டும் கட்டியதாகக் கல்வெட்டு சொல்கிறது. கூடவே மதுரையிலிருந்து வந்த மல்லிகார்ஜுனர் என்ற துறவிக்கு ஒரு பெரிய மடமும், காளாமுகத் துறவிகள் ஐம்பது பேருக்குச் சோறு போடப் பதினொரு ஊர்களும். காளாமுகர்கள் மண்டையோட்டோடு கல்கியின் கதைக்குள் வந்தது எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரில் பதில் கிடைக்கும்.

இத்தனை சரக்கும் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் திணித்தால் அது சுற்றுலாக் கையேடாகிவிடும். இன்னோர் ஆபத்தும் உண்டு. மேல்நாட்டு ஸ்டீம்பங்க் கதைகளில் நீராவி என்றால் பளபளக்கும் பித்தளையும், கண்ணாடி மாட்டிய விமானிகளும், சாகசமும்தான். நமக்கு நீராவி வேறு முகத்தோடுதான் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பஞ்சத்தில் செத்தபோது, தானியத்தை வெளியே கொண்டுபோகவும் அதே ரயில்தான் உதவியது. கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ரங்கூனுக்கும் போன தெற்கத்திக் கூலியாட்களைச் சுமந்ததும் நீராவிதான். புதுக்கோட்டைப் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவில் வட்டித்தொழில் செய்து அனுப்பிய பணத்தில் எழுந்த மாளிகைகள், தேக்கு மரத்தோடும் இத்தாலியப் பளிங்கோடும் ராயவரத்திலும் அரிமளத்திலும் இன்றும் நிற்கின்றன. அந்தக் கப்பலின் மேல்தட்டில் யார், கீழ்த்தட்டில் யார் என்பதை எழுதாத தமிழ் நீராவி நாவல், லண்டன் பனிமூட்டத்தைப் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கொண்டுவந்து விட்ட மாதிரிதான் இருக்கும்.

எழுத நினைப்பவர்கள் தகவலுக்கு அலைய வேண்டியதில்லை. அம்மன் காசையும் சமஸ்தானத்துப் பழைய பொருள்களையும் பார்க்க 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பா.கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி ஆயுள் முழுக்கச் சேர்த்த ஞானாலயா நூலகமும் புதுக்கோட்டையில்தான். லட்சம் புத்தகங்கள், எத்தனையோ முதல் பதிப்புகள், நின்றுபோன பத்திரிகைகளின் இதழ்கள் அங்கே உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய துப்பறியும் நாவலில் தமிழ் எப்படிப் பேசியது, தந்தி வந்தால் யார் வாசித்தார்கள், ஜட்கா வண்டிக்கு என்ன கூலி என்பதையெல்லாம் அந்தப் பழுப்புத் தாள்களில் தேடிப் பார்க்கலாம். அந்தப் பேச்சு நடை கைக்கு வராமல் இந்த நாவலை எழுத முடியாது.

கடைசியாக, கதை நடக்கும் வருடம். மோலியின் 1915 கண்ணைக் கவரும்; ரயில் வந்த 1929-ம் வசதிதான். ஆனால் பொருந்துவது 1904. குடுமியான்மலைப் பாறையைப் படியெடுத்த வருடம் அது. முத்துலட்சுமிக்கு அப்போது 18 வயது. அடுத்த வருடம் சென்னையில் ‘சுல்தானாவின் கனவு’ அச்சாகப் போகிறது. ஸ்டீம்பங்க் என்றால் சரித்திரத்தில் ஒரே ஒரு ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பதுதானே. இங்கே பிடுங்க வேண்டிய ஆணி தண்டவாளத்தில் இருக்கிறது. 1929-ல் வந்த ரயில் கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சமஸ்தானமே சொந்தமாகப் போட்ட பாதை, எஞ்சினின் முகப்பில் பிரகதாம்பாள் முத்திரை, ஆர்.எம்.எஸ். பெட்டிக்குள் சுருட்டிக் கட்டிய ஒரு மைப்படி. கீரனூர் தாண்டித் திருச்சி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சுருள் காணாமல் போகிறது. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் அந்த ஸ்வரங்களை அம்மா பாடிக் காட்டியிருக்கிறாள்.

முதல் அத்தியாயத்துக்கு இவ்வளவு போதும். அரிமளத்திலோ பெருங்களூரிலோ இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் ஏதாவதொரு பெண் மீதியை எழுதட்டும்.